வளைகாப்புக்கு முன்பே முடிவெடுங்கள்: பிரசவத்துக்குப் பிறகான கருத்தடை

தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போன பெண் மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கைக்குழந்தையோடு கணவர் வீட்டுக்குத் திரும்புவாள். குழந்தைக்கு வேண்டியதெல்லாம் பையில் இருக்கும். அடுத்த கர்ப்பத்தைத் தள்ளிப்போட என்ன செய்வது என்று மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். "பால் கொடுக்கிறாள், இன்னும் மாதவிலக்கே வரவில்லை, அதற்குள் என்ன அவசரம்?" என்றுதான் வீட்டில் சொல்வார்கள். தமிழ்நாட்டில் பல பெண்கள் இரண்டாவது கர்ப்பத்தில் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

முதலில் கருமுட்டை வெளிவரும். அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் மாதவிலக்கு வரும். பிரசவத்துக்குப் பின் வரும் அந்த முதல் கருமுட்டையே கருவாகிவிட்டால் மாதவிலக்கு வராமலேயே கர்ப்பம் தங்கிவிடும். பால்கொடுப்பதால் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்து நான்காம் ஐந்தாம் மாதத்தில்தான் தெரியவரும். தாய்ப்பால் கொடுக்காத பெண்ணுக்குப் பிரசவமான 25ஆம் நாளிலேயே கருமுட்டை வரக்கூடும். அதனால் அவருக்கு 21ஆம் நாளிலிருந்தே பாதுகாப்பு வேண்டும். அடுத்த கர்ப்பம் தரிக்க, குழந்தை பிறந்து குறைந்தது 24 மாதமாவது ஆகட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதற்குள் தரித்தால் தாய்க்கு இரத்தசோகை தீராது. அடுத்த குழந்தை குறைமாதத்திலோ எடை குறைந்தோ பிறக்கும் வாய்ப்பு கூடும். மடியில் இருக்கும் குழந்தை சவலையாகிவிடும். சவலை என்றொரு சொல் நம்மிடம் இருப்பதே இந்தத் துன்பம் எத்தனை பழையது என்பதைச் சொல்கிறது.

எப்போது, யாரிடம் சொல்வது

கர்ப்பத்தின் 7ஆம், 8ஆம் மாதப் பரிசோதனைதான் சரியான நேரம். அதாவது வளைகாப்புக்கு முன்பே. பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் முதல்முறையாகக் கேட்டு வாங்கும் சம்மதத்தைச் சம்மதமாகவே கொள்ளக் கூடாது. ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருத்துவரிடமோ கிராம சுகாதார செவிலியரிடமோ மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: இன்னொரு குழந்தை வேண்டுமா வேண்டாமா, வேண்டுமென்றால் எத்தனை வருடம் கழித்து, இரத்த அழுத்தம், சர்க்கரை, மஞ்சள் காமாலை, மார்பகக் கட்டி, பக்கவாதம், கால் இரத்தக்குழாயில் அடைப்பு போன்றவை இப்போதோ முன்போ இருந்தனவா. பேசி முடித்ததும், தேர்ந்தெடுத்த முறையைத் தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். பிரசவ அறையில் இருப்பவர்கள் வேறு ஆட்களாக இருப்பார்கள். அட்டையில் எழுதியிருந்தால்தான் அவர்களுக்குத் தெரியும்.

பிரசவம் வேறு ஊரில் என்றால் இன்னொரு வேலையும் உண்டு. கணவர் ஊர் செவிலியர் "அவங்க அம்மா வீட்டுக்குப் போயிட்டாங்க" என்று விட்டுவிடுவார். அம்மா ஊர் செவிலியர் "அவங்க இந்த ஊர் இல்லை" என்று விட்டுவிடுவார். இருவருக்கும் நடுவில் நீங்கள் விடுபட்டுப் போவீர்கள். ஊர் மாறியதும் அம்மா ஊர் துணை சுகாதார நிலையத்தில் பிக்மி எண்ணை (கர்ப்பத்தைப் பதிவுசெய்தபோது தந்த எண்) காட்டி, "பிரசவத்துக்கு இங்கேதான் இருப்பேன், இத்தனை மாதம் இருப்பேன்" என்று சொல்லிவைக்க வேண்டும். திரும்பும்போது கணவர் ஊரிலும் அதையே செய்ய வேண்டும்.

பிரசவத்தோடு சேர்த்துப் போடும் காப்பர் டி

முதல் குழந்தைக்குப் பின் நீண்ட இடைவெளி வேண்டும், ஆனால் மாத்திரை, தேதி என்று எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை கருப்பைக்குள் வைக்கும் இந்தச் சிறு சாதனம்தான். பிறந்த குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி ஆஸ்பத்திரிக்கு அலைவது எளிதல்ல. பிரசவத்துக்கு வந்த இடத்திலேயே வேலை முடிந்துவிடுகிறது.

நேரம்தான் இதில் எல்லாம். நஞ்சுக்கொடி வெளிவந்த 10 நிமிடத்துக்குள் போடுவது மிகச் சிறந்தது. சிசேரியன் என்றால் கருப்பையைத் தைக்கும் முன்பே உள்ளே வைத்துவிடலாம். இரண்டும் தவறினால் 48 மணி நேரத்துக்குள் போடலாம். அதற்குப் பிறகு 6 வாரம் வரை போடவே கூடாது. அந்த இடைக்காலத்தில் கருப்பை சுருங்கிக்கொண்டே இருக்கும், சுவரும் மென்மையாக இருக்கும். போட்டால் நழுவி வெளியே வரும் அபாயமும் துளைபடும் அபாயமும் அதிகம். மூன்றாம் நாள் யோசித்துச் சொல்கிறேன் என்றால் 6 வாரம் காத்திருக்க வேண்டியதுதான்.

சுகப்பிரசவத்தில் செவிலியர் அல்லது மருத்துவர் செய்வது இது. நஞ்சு முழுமையாக வந்துவிட்டதா, இரத்தப்போக்கு கட்டுக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார். கருப்பை வாயைக் கிருமிநாசினியால் துடைப்பார். நீளமான கெல்லி ஃபோர்செப்ஸ் என்ற இடுக்கியில் காப்பர் டியைப் பிடித்து உள்ளே கொண்டுபோவார். இன்னொரு கை உங்கள் வயிற்றின் மேல், தொப்புள் பக்கத்தில், கருப்பையின் உச்சியை அழுத்திப் பிடித்திருக்கும். இடுக்கியின் முனை அந்த உச்சியைத் தொடுவதை மேலே இருக்கும் கை உணர வேண்டும். உணர்ந்த பிறகே இடுக்கியைத் திறந்து, ஓரமாகச் சாய்த்து, மெல்ல வெளியே எடுப்பார். காப்பர் டி நழுவி விழுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த உச்சியைத் தொடாமல் பாதியிலேயே விட்டுவிடுவதுதான். இதற்கெனப் பயிற்சி பெற்றவர் பணியில் இருக்கிறாரா என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை.

பனிக்குடம் உடைந்து 18 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ, காய்ச்சலும் துர்நாற்றமுள்ள திரவமும் இருந்தாலோ, பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கு நிற்காமல் இருந்தாலோ அப்போது போட மாட்டார்கள். அது சரியான முடிவு. வற்புறுத்த வேண்டாம், 6 வாரம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வரும்போது கையில் ஓர் அட்டை தருவார்கள். போட்ட தேதியும், அது 380ஏ-யா 375-ஆ என்பதும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். 380ஏ 10 வருடம் வேலை செய்யும், 375 என்றால் 5 வருடம். அட்டையில் இது இல்லையென்றால் எப்போது எடுப்பது என்றே பின்னால் யாருக்கும் தெரியாது.

பிரசவத்தில் போட்ட காப்பர் டியின் நூல் முதல் சில வாரங்களுக்குக் கைக்குத் தட்டுப்படாது. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கச் சுருங்கத்தான் நூல் கீழே இறங்கும். ஆகவே இரண்டாம் வாரமே விரலை விட்டுத் தேடிப் பார்த்து, காணவில்லை என்று பயப்பட வேண்டாம். 6ஆம் வாரம் பரிசோதனைக்குப் போங்கள். நூல் நீளமாகத் தொங்கினால் வெட்டிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாவிட்டால் ஸ்கேன் பார்ப்பார்கள். அதன்பின் நீங்களே பார்க்க விரும்பினால், மாதவிலக்கு முடிந்ததும் கையைக் கழுவி, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நடுவிரலால் தொட்டுப் பாருங்கள். தூண்டில் நைலான் போல மெல்லிய நூல் படும். நூலுக்குப் பதில் கடினமான பிளாஸ்டிக் முனை பட்டாலோ, இருந்த நூல் திடீரென நீண்டிருந்தாலோ, காணாமலே போனாலோ அது இடம் மாறியிருக்கலாம் என்று பொருள். ஆணுறை பயன்படுத்திக்கொண்டு உடனே போய்க் காட்டுங்கள். நழுவுவதென்றால் பெரும்பாலும் முதல் 3 மாதத்தில்தான் நழுவும். வெளியே வந்துவிட்டால் மறுபடி போட்டுக்கொள்ளலாம். உங்கள் உடம்பில் கோளாறு என்று அர்த்தமல்ல.

காப்பர் டி நெஞ்சுக்கு ஏறிவிடும் என்ற பேச்சு ஊருக்கு ஊர் உண்டு. 4 சென்டிமீட்டர்கூட இல்லாத அந்தப் பொருள் நாற்புறமும் மூடிய ஒரு தசைப்பைக்குள் இருக்கிறது. நெஞ்சுக்குப் போக அங்கிருந்து வழியே கிடையாது. அரிதாகப் போடும்போது சுவரைத் துளைப்பதுண்டு. அப்படியானாலும் வயிற்றுக்குள்தான் கிடக்கும், அதை எடுத்துவிட முடியும். "உடம்புக்குச் சூடு" என்று சொல்வதில் மட்டும் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. முதல் 3 முதல் 6 மாதம் மாதவிலக்கில் இரத்தம் கூடுதலாகப் போகலாம், வயிற்றுவலி கூடலாம். இரத்தசோகை உள்ளவர்கள் பிரசவத்துக்குப் பின் 6 மாதம் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும். வேண்டாம் என்று தோன்றினால் எந்த நாளிலும் எடுக்கச் சொல்லலாம். காரணம் சொல்லியாக வேண்டும் என்றில்லை. எடுத்ததும் கருத்தரிக்கும் தன்மை திரும்பிவிடும்.

தாய்ப்பாலே கருத்தடையாவது எப்போது

மூன்று நிபந்தனைகளும் சேர்ந்து இருக்க வேண்டும். குழந்தைக்கு 6 மாதம் நிறையவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. பகலில் 4 மணி நேரத்துக்கு மேலும் இரவில் 6 மணி நேரத்துக்கு மேலும் இடைவெளி விழக் கூடாது. இப்படிச் சரியாக இருந்தால் 100 பெண்களில் 98 பேருக்கு மேல் கர்ப்பம் தரிப்பதில்லை.

எப்போதாவது ஒரு சொட்டு மருந்து கொடுத்தால் இது கெட்டுவிடாது. குழந்தை அழுகிறது, பால் போதவில்லை என்று புட்டிப்பால் நுழையும் நாளில் கெடும். வேலைக்குப் போகத் தொடங்கி, பாலைப் பீய்ச்சி வைத்துவிட்டுப் போனாலும் வலு குறையும்; குழந்தை நேராக உறிஞ்சும்போதுதான் கருமுட்டையைத் தடுக்கும் தூண்டல் முழுமையாகக் கிடைக்கிறது. பிரசவத்துக்குப் பின் 8 வாரம் கழிந்த பிறகு தொடர்ந்து 2 நாள் இரத்தம் பட்டால் அதை மாதவிலக்காகவே கொள்ளுங்கள். மூன்றில் ஒன்று தவறினாலும் அன்றைக்கே வேறு முறைக்கு மாற வேண்டும். அதனால் முதல் நாளிலிருந்தே வீட்டில் ஆணுறை இருக்கட்டும்.

அந்தரா ஊசி: தவறுவது இரண்டாம் ஊசியில்

அரசு மருத்துவமனைகளில் 2017 முதல் இலவசமாகக் கிடைக்கும் 3 மாத ஊசி இது. பால்கொடுக்கும் பெண் 6 வாரம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். பால் குறையாது.

முதல் ஊசியில் சிக்கல் இல்லை. குழந்தையின் 6ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போகும் அன்றைக்கே அம்மாவுக்கும் போட்டுவிடலாம். இரண்டாம் ஊசிதான் தவறிப்போகும். குழந்தைக்கு அடுத்த தடுப்பூசிகள் 10ஆம் வாரமும் 14ஆம் வாரமும். அதற்குப் பிறகு 9ஆம் மாதம்தான். உங்கள் இரண்டாம் ஊசி வருவதோ 19ஆம் வாரம். அந்தச் சமயத்தில் குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அவசியமே இருக்காது, பல பெண்களுக்கு அம்மா வீட்டிலிருந்து கிளம்பும் காலமும் அதுதான். சரியான தேதிக்கு 2 வாரம் முன்பும் போடலாம், 4 வாரம் பின்பும் போடலாம். ஆக 17 முதல் 23ஆம் வாரம் வரை இடமிருக்கிறது. அதைத் தாண்டினால் கர்ப்பம் இல்லை என்று உறுதிசெய்த பிறகே போடுவார்கள். 9ஆம் மாதத் தடுப்பூசியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். மூன்றாம் ஊசிக்கே அது தாமதம். ஊசி போட்ட அன்றைக்கே அடுத்த தேதியைச் சுவர்க் காலண்டரில் வட்டமிட்டு, கணவரின் போனிலும் குறித்துவையுங்கள்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்கவோ வெந்நீர் ஒத்தடம் கொடுக்கவோ கூடாது. தேய்த்தால் மருந்து சீக்கிரம் உறிஞ்சப்பட்டு 3 மாதத்துக்கு முன்பே வலுவிழக்கும். முதல் மாதங்களில் சொட்டுச் சொட்டாக இரத்தம் படலாம்; பிறகு மாதவிலக்கே நின்றுபோகலாம். "கெட்ட இரத்தம் உள்ளேயே தங்கிவிடுகிறது" என்று பயப்படுவார்கள். கருப்பையின் உள்சுவர் தடித்து வளராததால் வெளியேற இரத்தமே இல்லை; தங்குவதற்கும் ஏதுமில்லை. இரத்தசோகை உள்ளவருக்கு இது நல்லதும்கூட. ஒன்றை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: ஊசியை நிறுத்தியதும் கருத்தரித்துவிடாது, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். ஒரு வருடத்தில் அடுத்த குழந்தை வேண்டும் என்பவர் வேறு முறையைப் பாருங்கள். இரத்த அழுத்தம் 160/100 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தாலோ, மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், கடும் கல்லீரல் நோய் இருந்தாலோ இந்த ஊசி கூடாது.

சாயா, மாலா-என், ஆணுறை

சாயா ஹார்மோன் இல்லாத மாத்திரை. லக்னோவில் உள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. பால்கொடுப்பவரும் பிரசவமானதிலிருந்தே எடுக்கலாம். முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. ஞாயிற்றுக்கிழமை தொடங்கினால் ஞாயிறும் புதனும். நான்காம் மாதத்திலிருந்து ஞாயிறு மட்டும். முழுகிய தலையோடு ஞாயிறு காலை மாத்திரை என்று பழக்கிக்கொண்டவர்களுக்கு மறப்பதில்லை. புதன்தான் மறக்கும், அதற்குக் காலண்டரைப் பாருங்கள். மறந்தால் நினைவு வந்ததும் போட்டுக்கொண்டு, வழக்கமான கிழமையையே தொடருங்கள். அடுத்த மாதவிலக்கு வரை ஆணுறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 7 நாளுக்கு மேல் தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், மறுபடி 3 மாதம் வாரம் இரண்டு. மாதவிலக்கு தள்ளிப்போவது இதில் சகஜம். 15 நாளுக்கு மேல் தள்ளினால் சிறுநீர்ச் சோதனை செய்துவிடுங்கள். சினைப்பையில் நீர்க்கட்டி, அண்மையில் மஞ்சள் காமாலை, காசநோய், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல.

மாலா-என் தினமும் எடுக்கும் ஹார்மோன் மாத்திரை. பால்கொடுப்பவர் 6 மாதம் முடியும்வரை தொடக் கூடாது. வீட்டில் அக்காவோ நாத்தனாரோ வைத்திருக்கிறார் என்று எடுத்துப் போட்டுக்கொள்வது நடக்கிறது, தயவுசெய்து வேண்டாம்.

நிரோத் ஆணுறை செவிலியரிடமே இலவசமாகக் கிடைக்கும். பால்கொடுக்கும் காலத்தில் பிறப்புறுப்பு வறண்டிருக்கும், வலிக்கும். அதற்காகத் தேங்காய் எண்ணெய் தடவினால் ஆணுறை ரப்பர் நைந்து கிழிந்துவிடும். மருந்துக்கடையில் எண்ணெய் இல்லாத, நீரில் செய்த ஜெல் கேட்டு வாங்குங்கள். ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள் அவசரக் கருத்தடை மாத்திரை போடலாம், பால்கொடுப்பவருக்கும் ஆபத்தில்லை. ஆனால் மாதாமாதம் நம்பியிருக்கும் முறை அல்ல அது.

குழந்தை போதும் என்றால்

தமிழ்நாட்டில் மணமான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் சார்ந்திருப்பது பெண் கருத்தடை ஆபரேஷனைத்தான். பிரசவத்துக்குப் பின் 7 நாளுக்குள் செய்வது எளிது; கருப்பை பெரிதாகித் தொப்புள் மட்டத்தில் இருப்பதால் அதற்குக் கீழே சிறு கீறல் போட்டாலே கருக்குழாய் எட்டும். 7 நாள் தாண்டினால் 6 வாரம் காத்திருக்க வேண்டும். சிறு துளை வழியே கேமராவை விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோபி முறை அந்த 6 வாரத்துக்குப் பிறகுதான். சிசேரியன் என்றால் அதோடு சேர்த்தே செய்துவிடலாம்.

அரசு விதிப்படி பெண்ணுக்கு 22 வயதுக்கு மேல் 49க்குள் இருக்க வேண்டும். ஒரு வயது கடந்த குழந்தை ஒன்றாவது இருக்க வேண்டும். கையெழுத்து உங்களுடையது. கணவர் கையெழுத்து சட்டப்படி தேவையில்லை. கேட்டால் இதைச் சொல்லலாம். அதேபோல ஆபரேஷன் செய்தால்தான் டிஸ்சார்ஜ் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. பிறந்த குழந்தை குறைமாதமாக இருந்தாலோ இன்குபேட்டரில் இருந்தாலோ ஆபரேஷனை 6 வாரம் தள்ளிவையுங்கள் என்றே சொல்வோம். மறுபடி குழாயை இணைக்கும் ஆபரேஷன் உண்டுதான்; அது பலிக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது.

முதல் 2 நாள் நல்ல ஓய்வு, ஒரு வாரம் குடம், மூட்டை தூக்காமல் இருப்பது, 7ஆம் நாள் தையல் பிரிப்பது: அவ்வளவே. அதன்பின் எல்லா வேலையும் செய்யலாம். காய்ச்சல், தையலில் சீழ், தீராத வயிற்றுவலி இருந்தால் காத்திருக்காமல் போங்கள். ஆபரேஷனும் முதல் வருடத்தில் 1000 பேரில் சுமார் 5 பேருக்குத் தவறுகிறது. அதனால் எத்தனை வருடம் கழித்து மாதவிலக்கு தள்ளினாலும் முதலில் கர்ப்பச் சோதனை செய்யுங்கள். குழாயிலேயே கரு தங்கும் அபாயம் இருப்பதால் தாமதம் உயிருக்கே ஆபத்து. கருத்தடைச் சான்றிதழைக் கேட்டு வாங்கி ரேஷன் அட்டையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஆபரேஷன் தவறினால் அரசு இழப்பீடு உண்டு; தெரியவந்த 90 நாளுக்குள் விண்ணப்பிக்க அந்தச் சான்றிதழ் வேண்டும்.

பிரசவம் பார்த்து உடல் தளர்ந்த பெண்தான் ஆபரேஷனுக்கும் படுக்க வேண்டும் என்பதில்லை. ஆண்களுக்கான தழும்பில்லாக் கருத்தடை அதைவிடச் சின்ன வேலை: மரத்துப்போக ஓர் ஊசி, ஒரு சிறு துளை, தையல் கிடையாது, அன்றைக்கே வீடு. ஆண்மை குறைவதில்லை, விந்தணு வரும் குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். உடனே பலன் தராது என்பதைக் கணவர் புரிந்துகொள்ள வேண்டும். குழாயில் ஏற்கெனவே இருக்கும் விந்தணுக்கள் தீர 3 மாதம் ஆகும். அதுவரை ஆணுறை வேண்டும். 3 மாதம் முடிந்ததும் விந்துப் பரிசோதனை செய்து, அணு ஒன்றும் இல்லை என்ற முடிவு கையில் வந்த பிறகே ஆணுறையை நிறுத்தலாம். எந்த மருத்துவமனையில் எந்த நாளில் செய்கிறார்கள் என்பதை 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.